நுகம் பூண்ட எழுத்து

மனிதனுக்கு முதன்முதல் அளிக்கப்பட்ட கல்வி பெயர்களைப் பற்றிய கல்வியாகும். ஆதம் நபி (அலை) அவர்களுக்கு இறைவன் பொருள்களின் பெயர்கள் யாவற்றையும் கற்றுக்கொடுத்தான் என்பதும், வானவர்கள் அறியாத அப்பெயர்களை அவர்கள் எடுத்துரைத்தார்கள் என்பதும் நாம் சிறுவயது முதற்கொண்டே மக்தபில் கேட்டு வளர்ந்த வரலாறு. பெயர் அறிதல் என்றால் ஒலியை மனனம் செய்வதோடு முடிந்துவிடுமா? ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்து உணரும் ஆற்றல் கைவந்த பிறகே பெயர் நமக்குச் சொந்தமாகிறது. ரோஜாவையும் அரளியையும் ‘செம்பூ’ என்று அழைப்பவன் இரண்டின் பெயரையும் அறியாதவனே. இந்தச் சிந்தனையை நமக்குத் தெளிவாக்கியது ஒரு சிறு வண்டு என்றால் வாசகர்கள் புன்னகை செய்யக்கூடும்.

புன்னகை செய்யத் தேவையில்லை. திருமறையின் அத்தியாயங்களுள் ஒன்று தேனீயின் பெயரையும், மற்றொன்று எறும்பின் பெயரையும், வேறொன்று சிலந்தியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அறிஞர் அல் ஜாஹிஸ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் தம் பெருநூலில் யானைக்கு இடமளித்ததைப் போலவே ஈக்கும் இடமளித்தார். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அத்தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற தொகுப்பில் உயிரினங்களை அகர வரிசையில் அடுக்கினார். தேடுவோர்க்கு எளிதான முறை அது. ஆயினும், அகர வரிசையில் அண்டை வீட்டாராக நிற்கும் இரு விலங்குகளுக்குள் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. உறவு முறையைக் கொண்டு உயிர்களை வரிசைப்படுத்தும் கலை பிற்காலத்தில் முழுமை பெற்றது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பில் விலங்குகள் அனைத்திற்கும் இரு சொற்பெயர் சூட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். நம் வழக்கில் சொன்னால், முதற்சொல் வீட்டுப் பெயர். இரண்டாம் சொல் ஆளின் பெயர். வீட்டுப் பெயரை மட்டும் கேட்டு ஆளைத் தீர்மானிக்கலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் பொருள்.

பார்த்தீனியம் என்னும் களைச்செடியை அறியாதவர் இன்று தமிழகத்தில் அரியர். இந்தி பேசும் பகுதிகளில் இதனைக் ‘கேரட் புல்’ என்பர்; பல இடங்களில் ‘காங்கிரஸ் புல்’ என்பதும் வழக்கு. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே இதன் தாயகம். 1950-களில் புனே நகர்ப்புறத்தில் இது பரவியிருப்பதைத் தாவர இயலார் கவனித்தனர். அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கோதுமையோடு விதைகள் வந்தன என்பது மக்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. எப்படி வந்திருப்பினும், வந்தது போகவில்லை. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அதன் வேரும் இலையும் கசியவிடும் பொருள்கள் பக்கத்துச் செடிகளை வளரவொட்டாமல் தடுக்கும். ஆடுமாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. அதைத் தொடர்ந்து தொட்டு வேலை செய்வோருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தத்தைச் சுவாசிப்போர் சிலருக்கு மூச்சிரைப்பும் உண்டாகும். தரிசு நிலம், இரயில் பாதை ஓரம், பள்ளிக்கூட மைதானம் என்று எங்கே மண் சும்மா கிடக்கிறதோ அங்கெல்லாம் வெண்பூக்களோடு அது நிற்கும்.

மையவாடிகளும் அதற்கு விலக்கல்ல. எமது ஊர் மையவாடியில் ஐப்பசி மழைக்குப் பிறகு கபுருகளை மூடி இடுப்பளவு பார்த்தீனியம் எழுந்துவிடும். ஜியாரத்துக்குச் செல்வோர் தம் பெற்றோரின் கபுரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. ஜமாஅத்தார் கூலியாள் வைத்து வெட்டுவர். இரு மாதத்தில் மீண்டும் தழைக்கும். ஓர் ஆண்டு அவ்வாறு வெட்டுவதற்கு முன்பே செடிகள் சல்லடை போல் துளைக்கப்பட்டு, சில இடங்களில் வெறுங்குச்சியாக நிற்பதைக் கண்டோம். ஒவ்வொரு கொழுந்திலும் சிறு வண்டுகள் மொய்த்திருந்தன. மங்கிய வெண்ணிற முதுகில் பழுப்புக் கோடுகள். தலையும் கழுத்துப் பகுதியும் பழுப்பு. நீளம் ஆறு மில்லிமீட்டர் அளவே இருக்கும்.

மையவாடியை ஒட்டிய நிலத்தில் சூரியகாந்தி போட்டிருந்த பெரியவர் ஒருவர், வேலியோரம் நின்று அந்த வண்டுகளைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், உங்க மையவாடிச் செடியை இந்த வண்டு இப்படித் தின்னுதே, நாளைக்கு என் காட்டுக்குள்ளே வந்துட்டா என்ன செய்யறது? ராத்திரியோடு ராத்திரியா மருந்து அடிச்சுடலாமா?” என்று கேட்டார்.

“அவசரப்பட வேண்டாம் அண்ணே! முதல்லே இது யாருன்னு பார்ப்போம்” என்றோம்.

அவர் கேள்வியில் அறியாமை ஏதும் இல்லை. கடன் வாங்கி விதைத்தவனுடைய நியாயமான அச்சம் அது. அந்த அச்சத்துக்கு விடை தர வேண்டுமாயின் வண்டின் பெயர் தெரிந்தாக வேண்டும். பெயர் தெரிய அதன் அங்க அடையாளங்களைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். கையில் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் போதும்.

முதற்படி, இது வண்டினம் என்பது. முன்னிறக்கைகள் இரண்டும் கடினமான ஓடாகி, பின்னிறக்கைகளை மூடிக் காப்பது வண்டுகளின் பொது அடையாளம். உலகில் பெயரிடப்பட்ட வண்டு வகைகள் ஏறத்தாழ 4 இலட்சம் என்பர். அவற்றுள் இலையை உண்டு வாழும் ஒரு பெருங்குடும்பம் உண்டு. அறிஞர்கள் அதனைக் ‘கிரைசோமெலிடே’ என்பர். தமிழில் இலை வண்டுக் குடும்பம் எனலாம். கிரேக்கத்தில் ‘கிரைசோஸ்’ என்றால் பொன். இக்குடும்பத்தில் பொன்போல மின்னுபவை பல உள்ளமையால் பெயர் பொருத்தமே. இதில் மட்டும் 35,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

உருண்டு திரண்ட இந்த வண்டைப் பார்த்தவுடன் பலர் பொறிவண்டு என்றே எண்ணிவிடுவர். பொறிவண்டுகளிற் பெரும்பாலானவை அசுவினிப் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுபவை. இலை வண்டோ இலை தின்பது. நண்பனையும் அந்நியனையும் பிரித்தறிய எங்கே பார்க்க வேண்டும்? பாதத்தைப் பார்க்க வேண்டும். இலை வண்டின் பாதத்தில் நான்கு கணுக்கள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஐந்து உண்டு; நான்காவது கணு மிகச் சிறுத்து, இரு மடலாகப் பிளந்த மூன்றாவது கணுவின் நடுவே மறைந்து கிடக்கும். பொறிவண்டிலோ மூன்று கணுக்களே தோன்றும். அங்கும் ஒன்று மறைந்திருக்க, உண்மையில் நான்கு. இரண்டும் ஒன்றை மறைத்து வைத்துள்ளன. மறைத்தது போகத் தெரிவதைக் கொண்டே ஆளை அறிகிறோம்.

இரண்டாம் படி, துணைக்குடும்பம். நம் தோட்டங்களில் பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றின் இளஞ்செடிகளைத் துளைக்கும் சிவப்புப் பூசணி வண்டை அனைவரும் அறிவர். அதுவும் இலை வண்டே. ஆயின் அதன் உணர்கொம்புகள் இரண்டும் நெற்றியில் அருகருகே முளைத்திருக்கும். நாம் பிடித்த வண்டின் உணர்கொம்புகளோ கண்களை ஒட்டி, ஒன்றைவிட்டு ஒன்று நன்கு விலகி நின்றன. உடல் மேடிட்டு வட்டமாய், தலை மார்புக் கவசத்துக்குள் ஓரளவு புதைந்திருந்தது. ஆகவே இது ‘கிரைசோமெலினே’ என்னும் துணைக்குடும்பம் என்று தெளிந்தோம்.

மூன்றாம் படியே நுட்பமானது. அமெரிக்கக் கண்டத்தில் இத்துணைக்குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரினங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய தோற்றம் உடையவை. ஒன்று ‘லெப்டினோடார்சா’. உருளைக்கிழங்குப் பயிரை அழித்து உலகெங்கும் இழிபெயர் பெற்ற கொலராடோ வண்டு இதைச் சேர்ந்தது. முதுகில் பத்துக் கோடுகள் உடையது. மற்றொன்று ‘காலிகிராஃபா’, கிரேக்கத்தில் அழகிய எழுத்து என்று பொருள். வெண்ணிற ஓட்டின்மீது மையினால் எழுதிப் பழகியது போன்ற வளைவுகளும் புள்ளிகளும் உள்ள இவ்வண்டைக் கண்டால், பள்ளிவாசல் சுவர்களில் எழுத்தைச் சித்திரமாக்கிய கலைஞர்களின் நினைவு நமக்கு வராமற் போகாது. மூன்றாவது ‘சைகோகிராமா’. ‘சைகோன்’ என்பது நுகத்தடி. ‘கிராமா’ என்பது எழுத்து. நுகம் பூண்ட எழுத்து என்பது பெயரின் திரண்ட பொருள். பிரெஞ்சு அறிஞர் செவ்ரோலா 1836-இல் இட்ட பெயர் இது. அமெரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழ நூறு சிற்றினங்கள் இதில் அடங்கும்.

கோடுகளும் நிறங்களும் கண்ணை ஏமாற்றும். ஒரே சிற்றினத்திற்குள்ளேயே ஒன்றின் கோடு தடித்தும், மற்றொன்றின் கோடு மெலிந்தும் காணப்படும். ஆகையால் பேரினத்தைத் தீர்மானிக்க அறிஞர்கள் மீண்டும் பாதத்துக்கே செல்வர். இம்முறை அதன் நுனியில் உள்ள நகங்களைப் பார்ப்பர். கொலராடோ வண்டின் இரு நகங்களும் அடியிலிருந்தே பிரிந்து விரிந்து நிற்கும். சைகோகிராமாவின் நகங்களோ அடியில் ஒட்டி, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போல் நீளும். மையவாடி வண்டின் காலைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது அந்த இணை நகங்கள் தெளிவாகத் தெரிந்தன. இனி ஐயமில்லை, இது சைகோகிராமா.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பெரியவரின் அச்சம் இரட்டிப்பாகியிருக்கும். காரணம், இப்பேரினத்தில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் வாழும் ஒரு வண்டு உண்டு. ‘சைகோகிராமா எக்ஸ்க்ளமேஷனிஸ்’ என்பது அதன் பெயர். அதன் ஓட்டின் ஓரக்கோடு பாதியில் நின்று, கீழே ஒரு புள்ளியோடு முடிவதால் வியப்புக்குறி போலவே காட்சி தரும். பெயரும் அதனால் வந்தது. வியப்புக்குறி சுமந்த அவ்வண்டின் உணவு சூரியகாந்தி இலை! அந்நாட்டு உழவர்களுக்கு அது பழைய பகை. மேலும் பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வண்டுக்கு வண்டு உறவு. செடிக்குச் செடி உறவு. குற்றம் சாட்ட இதைவிட வலுவான முகாந்திரம் வேண்டுமோ?

இங்கேதான் நான்காம் படி உதவுகிறது. மங்கிய வெண்மையும் பழுப்புமாக இரு நிறம் கொண்ட இவ்வண்டின் முழுப்பெயர் ‘சைகோகிராமா பைகலரேட்டா’. பாலிஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1953-இல் இதனைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். இதன் தாயகம் மெக்சிகோ. பார்த்தீனியத்தின் தாயகப் பகுதியும் அதுவே. பார்த்தீனியத்தை அடக்க, அதன் பிறந்த மண்ணிலுள்ள பகைவனையே அழைத்து வருவது என்று இந்திய அறிவியலார் முடிவு செய்து, 1983-இல் இவ்வண்டை மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு வந்தனர். பல்வேறு பயிர்களின் இலைகளை அதன்முன் வைத்துச் சோதித்து, அவற்றில் அது வாழாது என்று கண்ட பின்னரே 1984-இல் வெளியில் விட்டனர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1980-இலேயே இதனை விடுவித்திருந்தனர். அங்கே பத்தாண்டுகள் கழிந்த பிறகே அது பெருகிக் கண்ணில் பட்டது. பெங்களூரிலோ சில ஆண்டுகளிலேயே பெருகி, பார்த்தீனியக் காடுகளை மொட்டையாக்கியது.

அப்போதுதான் சோதனை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்துச் சூரியகாந்தி வயல்களில் இவ்வண்டு இலைகளைக் கடித்திருப்பதை உழவர்கள் கண்டனர். அச்சம் பரவியது, பத்திரிகைகள் எழுதின, உண்மை அறிய ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது, மேலும் வண்டுகளை விடுவிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. அறிவியலார் குற்றச்சாட்டை மறுத்து ஒதுங்கிவிடவில்லை. வயலுக்குச் சென்று பார்த்தனர். 1993-இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது. அருகில் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் பறந்து சூரியகாந்தி இலைமேல் படிகிறது. மகரந்தத்தின் சுவையில் மயங்கிய வண்டு அந்த இலையையும் கடிக்கிறது. மகரந்தம் இல்லாத இலையில் அதற்கு நாட்டம் இல்லை. சூரியகாந்தியை உண்டு தலைமுறை தலைமுறையாய்த் தழைக்கும் இயல்பும் அதற்கு இல்லை. அதன் வாழ்வும் சந்ததியும் பார்த்தீனியத்தையே நம்பியிருக்கின்றன. சில ஆண்டுகளுக்குப் பின் தடையும் நீங்கியது.

பேரினத்தின் பெயர் ஐயத்துக்கு இடம் தந்தது. அந்த ஐயம் நியாயமானதே. வண்டைச் சோதித்துப் பாராமல் விட்டிருந்தால் அது பெருங்குற்றமாகியிருக்கும். ஆனால் ஐயம் தீர்ப்பாகிவிட முடியாது. தீர்ப்புக்கு அந்தத் தனி உயிரின் செயலைப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயரைக் கேட்டவுடனே முகம் சுளித்து, அவ்வீட்டில் எவனோ ஒருவன் செய்த குற்றத்தை எல்லோர் தலையிலும் ஏற்றும் வழக்கத்தை மனிதர்களிடையே நாம் காணாதவர்கள் அல்லர். வாடகைக்கு வீடு தேடிச் சென்றவர்கள், பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கதவு சாத்தப்படுவதைக் கண்டிருப்பர். ஒருவர் பாவத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்காத நீதியை நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. அதே அளவுகோலை, நாமும் பிறரை நோக்கும்போது கையில் எடுக்க மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, பூட்டிய காளைகள் போன்ற நகங்களைக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “அப்ப, வண்டைக் கொல்லறதுக்குப் பதிலா வேலியோரத்துப் பூவைத்தான் ஒழிக்கணும்னு சொல்றீங்க” என்றார். ஆய்வேட்டின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்ட அவரது கூர்மையை வியந்தோம். மறுநாள் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, அவர் ஆட்களும் ஜமாஅத்து இளைஞர்களும் சேர்ந்து வயலை ஒட்டிய பகுதியில் பூத்த செடிகளை மட்டும் வேரோடு பிடுங்கினர். உள்ளே இருந்தவற்றை வண்டுகளுக்கே விட்டுவைத்தோம். அவ்வாண்டு அவருடைய சூரியகாந்தியில் ஓரிரண்டு இலைகளில் கடித்த தடம் இருந்ததேயன்றி விளைச்சலுக்குக் குறைவு நேரவில்லை.

எனினும் இவ்வண்டை மாயமருந்து என்று போற்றுவதும் உண்மைக்கு மாறாகும். ஈரமான பருவத்தில் இது இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளை இடும். சில நாள்களில் வெளிவரும் புழுக்கள் முதலில் நுனிக்கொழுந்தையும் பக்க மொட்டுகளையும், பிறகு இலைகளையும் தின்னும். கொழுந்து போவதால் செடி பூப்பது குறையும். வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ இரு வாரங்களில் வண்டாக மேலெழும். வறட்சி வந்துவிட்டால் வண்டு மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உறங்கும். களையோ அதற்குள் கிடைத்த சிறு ஈரத்தில் முளைத்து விதையும் உதிர்த்துவிடும். வண்டு தூங்கும் காலத்தில் செடி விழித்திருக்கிறது என்பதே இதன் குறை. ஆகவே மனிதன் கைகட்டி நிற்க வழியில்லை. பூக்குமுன் பிடுங்கும் வேலை அவனுக்கு உரியதாகவே இருக்கிறது.

இப்பேரினத்தின் மற்றோர் உறுப்பினர் கதையும் இதையே உரைக்கும். ‘சைகோகிராமா சுட்டுராலிஸ்’ என்னும் வண்டை, அம்புரோசியா என்ற களையை ஒழிக்கும்பொருட்டு 1978-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாவ்ரபோல் பகுதியில் விடுவித்தனர். தொடக்கத்தில் அலையலையாய்ச் சென்று களையைத் துடைத்த அவ்வண்டு, ஆண்டுதோறும் உழுது பயிர் மாற்றும் வயல்களில் நிலைத்துப் பயன் தர இயலாமற் போயிற்று. நமது பைகலரேட்டாவோ யாரும் அழைக்காமலே எல்லை கடந்து, பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் பின்னாளில் காணப்பட்டது. களை சென்ற வழியே வண்டும் சென்றது. அதற்குக் கடவுச்சீட்டைக் கேட்போர் இல்லை.

ஆறு மில்லிமீட்டர் உயிருக்கு ஐந்து கணுவுடைய பாதத்தை அமைத்து, அதில் ஒன்றை மறைத்து, நுனியில் இரு நகங்களை இணைத்துப் பூட்டிய இறைவனின் கைத்திறனை எண்ணுந்தோறும் நாவு தானே புகழ்கிறது. அப்பாதத்தை எண்ணிப் பார்க்கும் பொறுமை ஒருவனுக்கு வாய்க்குமானால், ஒரு வயல் நஞ்சிலிருந்து தப்பும். ஓர் உயிர் வீண்பழியிலிருந்து தப்பும். ஆதம் நபியின் மக்களுக்கு அளிக்கப்பட்ட பெயரறிவு இந்த அளவுக்கேனும் பயன்பட்டால், அக்கல்விக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.